பொங்காத பால்

கப்பல் கூலி சாமான்களின் விலையைத் தாண்டிவிட்டது. “எல்லாம் மைசூர்லயே கிடைக்கும், விட்டுட்டுப் போம்மா” என்று மகன் வாமன் சொல்லிப் பார்த்தான். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லாதவள் பத்மாஸினி. கணவர் போன பிறகு ஜெர்மனியிலிருந்து தனியாக ஊர் திரும்பியபோது, இண்டக்‌ஷன் அடுப்பைக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

மைசூர் குவெம்புநகரில் மாடி வீடு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், சாவியைக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். காஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. பால் காய்ச்சாமல் புது வீட்டில் எப்படிப் படுப்பது? எலக்ட்ரீஷியன் வேலாயுதத்தை அழைத்து, அந்த அடுப்புக்கு நம்மூர் பிளக் மாட்டச் செய்தாள்.

பால் விளிம்புவரை எழும்பியதும் அடுப்பு தானே அணைந்தது. பால் பொங்கி வழியக் கூடாதென்று கூடுதல் விலை கொடுத்து அவளே வாங்கிய வசதி. இன்னொரு முறை போட்டாள். மறுபடியும் அணைந்தது.

“தனியா இருக்கறவங்களுக்கு நல்லதுதான் மேடம். மறந்துட்டாலும் பயமில்ல” என்றான் வேலாயுதம்.

“நான் எதையும் மறக்கறதில்லை.”

நின்றபடியே ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு அவன் அடுத்த வேலைக்குக் கிளம்பினான். அன்றைக்கு வந்த விருந்தாளி அவன் ஒருவன்தான்.

ஃபோனில் வாமன் கேட்டிருந்தான்: “பால் பொங்கிடுத்தாம்மா? ஃபோட்டோ அனுப்பு.”

பத்மாஸினி கரண்டியில் கொஞ்சம் பாலை எடுத்து, பாத்திரத்தின் வெளிப்பக்கமாக வழியவிட்டாள். படம் எடுத்து அனுப்பினாள்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.