நிடாவின் முதுகு

நோர்கியாவுக்கு முதுகுவலி வந்து ஒன்பது வருஷம். அதைப் பற்றித் தொழிற்சாலையில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஹஸ்னிடாவுக்கு ஜனவரியில்தான் வந்தது. மார்ச் முடிவதற்குள் வாசல் காவலாளி முதல் ஜெனரல் மேனேஜர் வரை எல்லோர் வாயிலும் அவள் முதுகுதான்.

இரண்டு பேரும் பத்தொன்பது வயதில், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதலில் பிறை என்ற ஊரில் கணினி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. பிறகு பக்கத்து ஊரான பத்து காவானில் புதிதாகத் திறந்த இந்த இடம். கியா, நிடா என்று சேர்த்தே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள் மற்றவர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, கியா குண்டாகி, நிடா அப்படியே இருந்தாள். அதுவும் கியாவுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

அங்கே செய்கிற சாமானும் முதுகுக்கானதுதான். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் கிழிந்தால், உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி வந்து நரம்பை நசுக்கும். டாக்டர் அதை வெட்டி எடுத்தாலும் ஓட்டை ஓட்டைதான், மறுபடி பிதுங்கலாம். அந்த ஓட்டையை அடைப்பதற்கு ஒரு டைட்டானியம் ஆணி, சுண்டுவிரல் நுனி அளவில். அதன் தலையில் இழை இழையாகப் பின்னிய ஒரு சின்ன மடல். ஆணி எலும்பில் இறங்கி உட்காரும், மடல் ஓட்டையை மூடும். எல்லாம் ஏற்றுமதிக்கு.

கியா, தூசி புகாத கிளீன் ரூமில், கடைசிப் பரிசோதனையில் இருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். இழை பிரிந்திருக்கிறதா, ஆணியில் பிசிர் இருக்கிறதா என்று. அவள் கழித்துப் போட்ட ஒன்றை யாரும் நல்லது என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. எட்டு மணி நேரம் குனிந்தே இருந்து அவள் இடுப்பு போய்விட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "டிஸ்க் லேசா வீங்கியிருக்கு, அவ்வளவுதான். ஆபரேஷன்லாம் வேண்டாம். எடையக் குறைங்க, பிசியோவுக்குப் போங்க" என்றார். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி வெளியே வந்தாள்.

"நல்ல செய்திதானே, ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்று கேட்டார் அவள் புருஷன் ரம்லி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர். அவருக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிடா வீட்டில் துணி காயப்போடும்போது விழுந்தாள். அன்றே அவசர ஆபரேஷன். ஐந்து வாரம் கழித்து அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்கியது. அப்போதுதான் ஜெனரல் மேனேஜர் தலையிட்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதி, அனுமதி வாங்கி, இரண்டாவது ஆபரேஷனுக்குக் கம்பெனியின் சாமானையே கொடுக்க ஏற்பாடு செய்தார். இங்கே செய்தது, இங்கே வேலை செய்கிறவளுக்கே! மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு வேறு.

கியா பார்க்கப் போனபோது நிடா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். உடம்புக்குள் வைத்த பொருளின் விவரம் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அட்டை.

"லாட் நம்பரப் பாருடி. டிசம்பர்ல நீ பாத்த லாட்! உன் கை பட்டதுதான் என் முதுகுல இருக்கு."

கியாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள் நிடா. கியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, 'நான் பார்த்துப் பார்த்து என் முதுகு போச்சு, நான் பார்த்தது உன் முதுகுக்குப் போச்சு' என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் போகவில்லை. வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போதும் இருந்தது.

ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து சில டாக்டர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். விடுப்பில் இருந்த நிடாவைக் காரில் அழைத்துவந்தார்கள். புது நீலச் சட்டை, சரிகைத் தலைத்துணி. நாலு வரி பேசினாள், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடைபாதையில் அவள் சிரிக்கிற படம் ஆள் உயரத்துக்கு மாட்டப்பட்டது. கியா கழிவறைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கொஞ்ச நாளில் சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள்.

"நடக்கறதப் பாத்தீங்களா? மாடல் மாதிரி நடக்குறா. இவளுக்கா ரெண்டு ஆபரேஷன்?" என்றாள் கேண்டீனில்.

"அல்லா காப்பாத்துனாருன்னு சொல்லு, கியா அக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான் வேற என்ன சொன்னேன்?"

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மேற்பார்வை பார்க்கும் மேடம் ஊய் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. விடுப்பு முடிந்து வந்ததும் நிடாவை வெளியே, ஆவணங்கள் சரிபார்க்கும் மேசையில் போடப்போகிறார்களாம். ஏற்றி இறக்குகிற நாற்காலி, ஜன்னல் பக்கம், கழிவறை பத்து அடி தூரத்தில். அந்த இடத்தைக் கியா நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், நான் எழுதிக் குடுத்திருக்கேனே."

"தெரியும் கியா. உன் கண்ணு மாதிரி கண்ணு எனக்கு உள்ள வேணும்லா. உன்ன விட முடியாது."

"அவ கண்ணும் நல்ல கண்ணுதான்."

"அவ கேஸ் வேற" என்று சொல்லிவிட்டு மேடம் ஊய் போய்விட்டார். என்ன வேறு என்று சொல்லவில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் கியா நோன்பு திறக்கப் பலகாரம் வாங்க நிபோங் தெபால் சந்தைக்குப் போனாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. வறுத்த கோழிப் புகைக்கு நடுவே, மூன்றாவது கடையில், நிடா. அவள் தங்கச்சி நடத்துகிற கடை. நிடா இரண்டு கையாலும் ஒரு பெரிய அலுமினியப் பானையைத் தூக்கி மேசையிலிருந்து கீழே இறக்கினாள். இறக்கிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

சம்பளத்தோடு விடுப்பு. பானை தூக்குகிறாள். சிரிக்கிறாள்.

கியாவின் கை தானாகப் பைக்குள் போனது. இரண்டு படம் எடுத்தாள். முதலாவது ஆடியிருந்தது, இரண்டாவது தெளிவாக விழுந்தது. காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பேர் போடாமல் ஆள்வள அலுவலகத்தின் புகார் எண்ணுக்கு அனுப்பினாள். "விடுப்பில் இருப்பவர் வியாபாரம் செய்கிறார். கவனிக்கவும்." வாங்க வந்த பலகாரத்தை மறந்து வீட்டுக்கு வந்து, வெறும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தாள். ரம்லி முணுமுணுத்தார். அவளுக்குப் பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் நிடாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கியா மதியத் தொழுகைக்குப் பெண்கள் அறைக்குப் போனபோது, சுவரோரம் நிடா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

"கியா, வாடி. கதவச் சாத்து."

சாத்தினாள்.

"எவளோ என்னப் படம் புடிச்சு அனுப்பியிருக்கா. பானை தூக்குறேனாம். காலிப் பானைடி அது! கொழம்பு தீந்து போன பானை. நிக்கணும், நடக்கணும்னுதான் டாக்டர் சொல்லியிருக்காரு. உக்காந்தே இருந்தா கால் மரத்துப் போகுதுன்னு தங்கச்சி கடையில போய் நின்னேன்."

"அதச் சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன். ஆள்வளத்துல அந்த சுஹைமி இருக்காரே, நேத்து வந்த பையன், அவரு கேக்குறாரு, நிக்க முடியுது, நடக்க முடியுது, அப்புறம் எதுக்கு மூணு மாசம்னு." நிடா தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். "அவர்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு."

"எத?"

"நான் விழுந்த அன்னிக்கே சிறுநீர் வர்ற உணர்ச்சி போயிருச்சு, கியா. நரம்பு நசுங்கிருச்சு. இன்னும் முழுசா வரல. ஒரு நாளைக்கு நாலு தடவ நானே குழாய் விட்டு எடுக்கணும். கிளீன் ரூம் உடுப்பப் போட்டுக்கிட்டு அவுத்துப் போட்டுட்டு எத்தன தடவ ஓடுறது? அதனாலதான் வெளி மேசை. என் புருஷனுக்கும் மேடம் ஊய்க்கும் தவிர யாருக்கும் தெரியாது. உங்கிட்டகூடச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு. இப்ப ஒரு சின்னப் பையன் முன்னாடி, டாக்டர் கடிதத்தத் திருப்பிக் காட்டி..."

நிடா கியாவின் தோளில் சாய்ந்தாள். கியாவுக்குத் தட்டிக்கொடுக்கக் கை எழவில்லை.

"அவ யாருன்னு மட்டும் தெரியட்டும்" என்றாள் நிடா தோளுக்குள்.

அன்று மதியம் கியா இரண்டு நல்ல சாமான்களைக் கழித்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடம் ஊய் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "உடம்பு சரியில்லையா?"

அந்தக் கடைசிப் பத்து நாள் நோன்பு அவளுக்கு எப்படிப் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படம் போன எண்ணை யாரும் விசாரிக்கவில்லை. நிடா மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். ரம்லியிடம் ஒருநாள் ஆரம்பித்தாள். அவர் கேட்டு முடித்து, "அவகிட்ட போய்ச் சொல்லு. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார்.

பெருநாளின் இரண்டாம் நாள் நிடா வீட்டுக்குப் போனாள். வீடு நிறைய ஆள். நிடா அவளைப் பார்த்ததும் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கியா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெருநாளில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது போல, வெளிப்படையாகவும் மனசுக்குள்ளும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டாள்.

"சரி சரி, உனக்கும் பூஜ்யம், எனக்கும் பூஜ்யம், கணக்கு முடிஞ்சுது" என்று நிடா வழக்கம்போல் சிரித்தாள்.

"முடியல, நிடா. அந்தப் படத்த அனுப்புனது நான்."

நிடா கையை உருவவில்லை. புரிய நேரம் ஆனது. பிறகு உருவினாள்.

"ஏன்?"

கியா பத்து நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "எனக்கும் வலிக்குது, யாருமே கேக்கல" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று காதில் கேட்டது.

நிடா அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஒரு தட்டில் சோறும் ரெண்டாங் இறைச்சியும் போட்டு மேசையில் வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போ. பெருநாள் அன்னிக்கு வந்தவள வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன்." கூடத்துக்குப் போய்விட்டாள். கியா ஒவ்வொரு பருக்கையும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நிடா அவளிடம் பேசவில்லை. யாரிடமும் போட்டுக்கொடுக்கவும் இல்லை. வெளி மேசையில் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்தாள். அவளோடு சாப்பிட இப்போது மஸ்லினா என்ற புதுப் பெண் வந்தாள். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்து, எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கியா தூரத்து மேசையிலிருந்து பார்ப்பாள். நாற்காலியைப் பார்த்து எரிந்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் காலை கியாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மறுபடி அதே டாக்டர், மறுபடி அதே பதில். இந்தத் தடவை சொன்னபடி பிசியோவுக்குப் போனாள். அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடம். பச்சைப் பாய்களுக்கு நடுவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிடா நின்றிருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிசியோ பெண் கியாவையும் அதே கம்பியைப் பிடிக்கச் சொன்னாள். "குதிகாலத் தூக்கி, விரல் நுனியில நில்லுங்க, அக்கா. ஒரு கால் மாத்தி ஒரு கால். இருபது."

கியா தூக்கினாள். வலது, இடது. குண்டு உடம்பு, ஆனாலும் சுலபமாக வந்தது. "அட, நல்லா பண்றீங்களே!" என்றாள் பிசியோ பெண்.

பக்கத்தில் நிடாவின் வலது குதிகால் எழுந்தது. இடது எழவில்லை. பல்லைக் கடித்தாள், கம்பியை இறுக்கினாள், குதிகால் தரையோடு ஒட்டிக்கிடந்தது. அவள் பார்வை பக்கவாட்டில் வந்து கியாவின் இடது காலில் நின்றது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தச் சாதாரணக் காலில்.

அந்த முகத்தைக் கியாவுக்குத் தெரியும். ஒரு வருஷம் அவள் போட்டுக்கொண்டு திரிந்த முகம்.

பதினொன்றில் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துற?" என்றாள் நிடா. முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் கேட்டாள்.

"மூச்சு வாங்குது."

"பொய் சொல்லாத. இருபது சொன்னாங்க, பண்ணு."

கியா மீதி ஒன்பதையும் பண்ணினாள். நிடா சத்தமாக எண்ணினாள், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி அதட்டலோடு. இருபது முடிந்ததும், "உன் கால் நல்லாருக்கு. பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

"எரியட்டும்" என்றாள் கியா.

"என்னிக்கு வர்ற அடுத்தது?"

"வியாழன்."

"எனக்கும் வியாழன்தான்" என்று சொல்லிவிட்டு நிடா மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலைத் தூக்கப் பார்த்தாள்.