ஜூன் எனக்கு, டிசம்பர் அவருக்கு

கணக்கியல் தொழிற்பரீட்சை ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் வரும். எங்கள் வீட்டில் ஜூன் எனக்கு, டிசம்பர் என் கணவருக்கு. பிள்ளை பிறந்த ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிப் பார்த்தோம். பிள்ளை அழ, சோறு அடிப்பிடிக்க, இருவரும் ஒன்றாகப் பரீட்சையில் விழுந்தோம். அதன் பிறகுதான் இந்தப் பங்குபிரிப்பு. ஒருவர் படிக்கும் மாதங்களில் மற்றவர் வீட்டைப் பார்க்க வேண்டும்.

முடிவு வரும் நாளில் அவர் என் புள்ளியைப் பார்ப்பதற்கு முன் தேர்ச்சி விகிதத்தைத்தான் பார்ப்பார். "பாதிப்பேர் கூடப் பாஸ் பண்ணேல்லை. நீர் மட்டுமில்லை" என்பார். கூட்டத்தோடு விழுந்தால் நோகாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை முடிந்து வந்து, பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுப் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு விகிதம் போடுங்கள், பார்ப்போம் என்று கத்தத் தோன்றும்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்திய அந்த வருடங்களில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து ஹவுன்ஸ்லோ நகரில் இருந்தோம். நான் பகலில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். அவர் விமான நிலையத்தில் இரவு ஷிப்டில் சாமான் ஏற்றினார். அவருக்கு மிச்சம் ஒரேயொரு தாள். அதைப் பாஸ் பண்ணினால் பகல் வேலை எடுக்கலாம், நாங்களும் மற்றவர்களைப் போல ஒரே நேரத்தில் படுத்து எழும்பலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் அவர் ஷிப்ட் முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, புத்தகப் பையோடு நூலகத்துக்குப் போய்விடுவார். கடை, உடுப்புத் தோய்ப்பு, பிள்ளை எல்லாம் என் தலையில். எனக்கு முதுகு விட்டுப்போனது. டிசம்பர் வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையோடு நூலகத்துக்குள் ஒதுங்கினேன். மூலை மேசையில் அவர் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்து, வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். புத்தகம் முதல் அத்தியாயத்தில் விரிந்திருந்தது. பிள்ளை "அப்பா" என்று கத்த, திடுக்கிட்டு எழும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லக்கூட அவரிடம் தெம்பில்லை.

"நான் இந்தமுறை சோதினைக்குப் பதியேல்லை" என்றார்.

"அப்ப ஏன் ஒவ்வொரு சனியும் இஞ்ச வாறியள்?"

"நித்திரை கொள்ள. வீட்டில படுத்தா உமக்கு முகம் குடுக்கேலாது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நூலகம் என்பதால் வாயை அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன, சவரம் செய்யாத தாடையில் நரை. இந்த மனுஷன் நிம்மதியாகப் படுக்க வீட்டில் இடமில்லாமல் போய்விட்டதே என்று கவலையும் வந்தது. கோபப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்டை போய்ப் படுங்கோ" என்றேன். "வாற வருசம் ரெண்டு முறையும் நானே சோதினை எடுக்கிறன்."

வேண்டாம், நானும் எழுதுறன் என்று ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் "ஓம்" என்று மட்டும் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு ஆறுதலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.