எந்தக் கம்பெனிக்கு அளக்கறீங்க?

மூன்று வருடங்களுக்கு முன், எம்.எஸ்சி. புவியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மாநில எல்லையோரம், வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் ப்ராஜெக்ட். எங்கே மாந்தோப்பு, எங்கே தக்காளி, எங்கே கிணறு என்று நடந்து நடந்து செல்போன் மேப்பில் குறிக்க வேண்டும். துணைக்கு வகுப்புத் தோழி வந்திருந்தாள்.

ஒரு தோப்போரம் குறித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பைக் வந்து நின்றது.

"யாரும்மா நீங்க? எந்தக் கம்பெனிக்கு அளக்கறீங்க?"

காலேஜ் என்றோம். அவர் நம்பவில்லை. என் போனைப் பிடுங்கிக்கொண்டு, தன் போனில் யாருக்கோ தகவல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள். தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தெலுங்கு வராது. ‘சர்வே’, ‘கம்பெனி’ என்பது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

ஐடி கார்டைக் காட்டினேன். "இதெல்லாம் ஓசூர்ல எந்தக் கடையிலயும் அடிச்சுத் தருவான்" என்றார் பைக்கில் வந்தவர். தோழியின் போனிலிருந்து எங்கள் சாரை அழைத்தோம். ரிங் போய்க்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. தோழி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது தோப்புக்காரம்மா வந்தார். என் போனை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"இது எங்க கெணறா?"

"ஆமாங்கம்மா."

போனை என்னிடம் திருப்பி நீட்டினார். "பக்கத்து ஊர்லயும் ரெண்டு பேரு இப்படித்தான் போனோட வந்தாங்க. அப்புறம் கம்பெனிக்கு நெலம் எடுக்கறோம்னு கல்லு நட்டுட்டாங்க. அன்னில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல கண்ணு."

அதுவரை பயந்துபோயிருப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க வேணாம்னா இதை எடுத்துட்டுப் போகலைங்கம்மா" என்று சொல்லி, அவர் பார்க்கப் பார்க்க அந்த ஊரில் குறித்ததையெல்லாம் அழித்தேன். "ரிவ்யூவுக்கு என்னடி காட்டறது?" என்று தோழி முணுமுணுத்தாள். கூட்டம் மெல்லக் கலைந்தது.

பஸ் ஸ்டாப் வரை அந்தம்மா கூடவே நடந்து வந்தார். எங்களுக்குத் துணையாகவா, நாங்கள் போய்விட்டோமா என்று பார்க்கவா, தெரியவில்லை. பஸ் வந்ததும், "இன்னொரு தடவ வந்தா மொதல்ல எங்க வூட்டுக்கு வா. அப்புறம் தோப்புக்குப் போ" என்றார்.

அடுத்த வாரம் சாருடன் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, தோப்பின் எல்லையை அவரே நடந்து காட்டினார். ப்ராஜெக்டும் முடிந்தது.

இன்று மேப் போடுவதுதான் என் வேலை. திரையில் ஒவ்வொரு கோடு இழுக்கும்போதும், அந்த இடத்தில் யாராவது தூக்கமில்லாமல் படுத்திருப்பார்களோ என்று மனசு ஒரு கணம் பதறும். அந்தப் பதற்றம் எனக்குப் பழகிப்போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.