கோதண்டத்தின் வண்டிச் சத்தம்

பேரப்பிள்ளைகள் பார்த்த கோதண்டம் தாத்தா சைக்கிள்கூட மிதிக்காதவர். இருபது வயதுக் கோதண்டமோ வேறு ஆள். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட இரண்டு மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து, அவற்றிலிருந்து ஒன்றை உண்டாக்கியவன். காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாமல், டோல்கேட் பக்கம் சௌக்கத் அலியின் லாரிப் பட்டறையில் கிரீஸும் கையுமாகக் கிடந்தான். மட்கார்டைக் கழற்றினான், ஹாண்டில்பாரைத் தாழ்த்தினான், சைலென்சரையும் விட்டுவைக்கவில்லை. வேகம் வேண்டுமாம். ராயபுரத்தில் வண்டி கிளம்பினால் திருவொற்றியூரில் தூங்குகிற குழந்தை அழும் என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். சோழவரத்துப் பழைய விமானத் திடலில் நடக்கிற ரேஸில் ஒரு நாளாவது ஓட்டியே தீர்வது என்று இருந்தான்.

குப்பத்துக்கு அந்த வண்டி வேறொன்றுக்குப் பயன்பட்டது. ஒரு ஐப்பசியில் கட்டுமரம் கவிழ்ந்து, போனவனின் உடல் காசிமேட்டில் ஒதுங்கியது. அவன் வீடு எண்ணூரில்.

"உன்னாண்டதான் வண்டி கீதே, நீ போய் சொல்லிட்டு வா நைனா" என்றார் குப்பத்துப் பெரியவர் தண்டபாணி.

மறுக்க முடியுமா? போனான். அதற்கப்புறம் கரையோரத்தில் எந்தச் சாவானாலும் சொல்ல அவன்தான். சொல்லிவிட்டு ஓடி வருகிறவன் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் மணலில் உட்காருவான். எங்கே கவிழ்ந்தது, யார் தூக்கினார்கள் என்று எல்லாம் பொறுமையாகச் சொல்வான். அடக்கம் முடியும்வரை கூடவே இருப்பான்.

அவன் தங்கை மங்கையையும் எண்ணூர்க் குப்பத்தில்தான் கொடுத்திருந்தது. தாயில்லாமல் அவன் வளர்த்த பெண், அவள் என்றால் அவனுக்கு உயிர்.

1953இல் சோழவரத்தில் ஓட்டினான். புத்தம்புதுச் சீமை வண்டிகளுக்கு நடுவே இரண்டாவதாக வந்தான். சௌக்கத் அலி மாலை வாங்கிப் போட்டார். முதலில் மங்கையிடம் காட்டவேண்டும் என்று, மாலையைக்கூடக் கழற்றாமல் நேரே எண்ணூருக்கு விட்டான்.

சத்தம் கேட்டதும் குப்பமே வெளியே வந்தது. யார் வீடு, யார் வீடு என்று பெண்கள் பதைத்து நின்றார்கள். வண்டி மங்கையின் வாசலில் நின்றது. அவள் புருஷன் குமாரவேல் விடியலில் கடலுக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. சாவு வீட்டுக்குப் பிறந்த வீட்டு மாலை வருவது வழக்கம். மாலையோடு இறங்கிய அண்ணனைப் பார்த்ததும் அவள் கைகளைச் சுவரில் அடித்து வளையல்களை உடைத்தாள். பொட்டை அழித்துக்கொண்டு மணலில் விழுந்து புரண்டாள்.

"அய்யோ, அதில்லம்மா! நான் ரேஸ்ல கெலிச்சுட்டு வரேன்!"

அந்த ஒப்பாரியில் அது யார் காதில் விழும்?

சாயங்காலம் குமாரவேல் கூடை மீனோடு வந்து சேர்ந்தான். பெரியவர்கள் கூடி, மங்கைக்குப் புது வளையல் போட்டு மறுபடி தாலி கட்ட வைத்தார்கள். கோதண்டம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறு வாரமே வண்டியைப் பிரித்து யானைக்கவுனியில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.

"வண்டி இன்னாடா பாவம் பண்ணுச்சு?" என்று சௌக்கத் அலி கேட்டார்.

"இனிமே யார் வூட்டுக்கும் நான் சாவு எடுத்துகினு போமாட்டேன் பாய்."

மூன்று வருஷம் கழித்துக் குமாரவேல் நிஜமாகவே கடலோடு போனான். உடல் காசிமேட்டில் ஒதுங்க, அலையிலிருந்து தூக்கியவனே கோதண்டம்தான். எண்ணூருக்கு பஸ் இருந்தது. அவன் ஏறவில்லை. உடலின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். யாரோ எண்ணூர்ப் பக்கம் போகிற லாரிக்காரனிடம் சொல்லியனுப்பினார்கள். அவனுக்கு என்ன தெரியும், பாவி! குழாயடியில் நின்ற மங்கையிடம், உன் வூட்டுக்காரன் பொணம் காசிமேட்ல கீதாம் என்று வண்டியிலிருந்தே கத்திவிட்டு, நிறுத்தாமல் போய்விட்டான்.

மங்கை வெயிலில் தனியாகக் கரையோரமே நடந்து வந்தாள். புருஷன் முகத்திலிருந்த மணலைத் துடைத்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள்.

"ஊர்ல எல்லார்க்கும் நீ போய், பக்கத்துல குந்திகினு சொன்னியே. எனக்கு மட்டும் ஏண்ணா வர்ல?"