திரையில் தெரிந்த ஃபோல்டர்

கிள்ளானில் ஒரு திருமண விருந்து. மணமக்களின் வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டுவது என் பொறுப்பு. ஓட ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் மீடியா பிளேயர் தானாக மூடிக்கொண்டது.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடியோ கடையில் எடிட்டர். கேசட் காலத்திலிருந்து இதே தொழில்தான். பிளேயர் கிராஷ் ஆனால் என்ன செய்வது என்று கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபத்தின் டெஸ்க்டாப் பழையது. என் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஃபோல்டரைத் திறந்து, வீடியோவின் தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. முழுவதையும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதோடு, கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் அப்படியே திரையிலும் தெரியும்படி புரொஜெக்டரை விட்டிருந்தேன். அதுவும் தவறு.

விளக்குகளை அணைத்தார்கள். மணமகள் கவிதா கடற்கரையில் நடந்து வரும் காட்சியில் படம் அப்படியே உறைந்தது. பிளேயர் மறைந்து, பின்னால் திறந்தே கிடந்த ஃபோல்டர் திரை முழுக்கத் தெரிந்தது. நான் இருட்டில் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் மறுபடி மூடிக்கொண்டது. சிலர் சிரித்தார்கள். வீடியோ நின்றதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது முன்மேசையில் ஒருவர் உரக்கப் படித்தார்.

"பொண்ணு கறுப்பு, பிரைட் பண்ணு."

ஃபோல்டரின் பெயர் அது. வைத்தவன் நான்.

கவிதாவின் அம்மா கடைக்கு வந்திருந்தபோது, "அண்ணே, மாப்பிள்ள வீட்டு ஆளுங்க எல்லாம் நல்ல கலரு. இவள கொஞ்சம் வெள்ளையா காட்டுங்க லா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மறந்துவிடக் கூடாதே என்று அதையே பெயராக வைத்தேன். எங்கள் கடையில் அப்படிப்பட்ட பெயர்கள் நிறைய இருந்தன. கடைக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

புரொஜெக்டரை அணைத்தேன். கிராஷுக்குக் காரணம் எளிதானதுதான். ஃபைலை மிகப் பெரிய சைஸில் எக்ஸ்போர்ட் செய்திருந்தேன். அந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டால் அதைத் தாங்க முடியவில்லை. பிளேயர் செட்டிங்கில், வேலையை அந்தக் கார்டிடம் தள்ளிவிடும் ஹார்ட்வேர் டிகோடிங்கை நிறுத்திவிட்டு, அந்தக் காட்சியைத் தாண்டும்வரை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது.

நிமிர்ந்தால் எதிரில் கவிதா. கல்யாணப் பட்டோடு மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பின்னாலேயே அவள் அம்மாவும் வந்தார்.

"அங்கிள், அது யாரு எழுதுனது?"

"நான்தாம்மா."

"நீங்களா எழுதுனீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்ற பயம். "உங்கம்மாதான் கேட்டாங்க" என்றேன்.

கவிதா திரும்பிப் பார்த்தாள்.

"நல்லதுக்குத்தான்மா கேட்டேன்" என்றார் அவள் அம்மா. மகளின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலை குனிந்து நின்றார். அந்தப் பெயரை வைத்ததைவிட, அவரைக் காட்டிக்கொடுத்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

கவிதா என் பக்கம் திரும்பி, "வெள்ளையாக்காதது இருக்கா அங்கிள்?" என்றாள்.

"முதல்ல வெட்டுனது இருக்கும்மா. ஆனா பாட்டு சரியா உக்காரல."

"பரவால்ல. அதையே போடுங்க."

புரொஜெக்டரை மறுபடி ஆன் செய்து அதைப் போட்டேன். அவள் மேடைக்குத் திரும்பாமல், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். திரையில் தன் நிறத்திலேயே நடந்து வந்தாள். ஓரிடத்தில் பாட்டு முன்னாலும் படம் பின்னாலும் போனது. யாரும் சிரிக்கவில்லை. நான் அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கடையில் எல்லா ஃபோல்டர்களுக்கும் எண்களைப் பெயராக வைத்தேன். பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் முகங்களை வெளுப்பாக்கும் வேலை எப்போதும் போல நடந்துகொண்டிருந்தது. இனி யார் கண்ணிலும் படாது, அவ்வளவுதான் மாறியிருந்தது. இது உறைக்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

பிறகு செமினியிலிருந்து ஓர் அம்மா வந்து அதையே கேட்டார்.

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்றேன்" என்றேன்.

"அவகிட்ட எதுக்கு? எல்லாக் கடையிலயும் செய்றாங்க லா."

"அவங்க மூஞ்சிதானே, அவங்கள கேக்கணும்ல."

அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். வந்த பார்ட்டியை விட்டுவிட்டேன் என்று பாஸ் அன்று முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஹார்ட்வேர் டிகோடிங்கை எங்கே நிறுத்துவது, புரொஜெக்டரை எப்படித் தனித் திரையாக வைப்பது என்பதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் உங்களுக்குக் காட்டிவிடுவேன். முகத்தை வெளுப்பாக்கும் முன் அந்தப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று புரிவதற்கு எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. நீங்கள் அதுவரை காத்திருக்காதீர்கள்.