உள்ளே இழுக்கத் தெரியாத கண்டக்டர்

எங்கள் பஸ் கண்டக்டர் இளமையில் ஊதிய விசிலுக்கு, பக்கத்துத் தண்டவாளத்தில் போன ரயில் ஒன்று நின்றேவிட்டது. ரயில் ஓட்டியவர் இறங்கி வந்து, யாரப்பா ஊதியது என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அந்த ரயிலில் இருந்தேன்.

அப்பேர்ப்பட்ட விசில், அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் நமத்துப்போன தீக்குச்சி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு விசில் கொடுத்தால்தான் பஸ் கிளம்பும். டிரைவர், கண்டக்டர் மனைவியின் தம்பி. விசில் காதில் விழாததால் அவர் பாட்டுக்கு ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ தன்னைச் சந்தேகப்படவில்லை, விசிலைச் சந்தேகப்பட்டார். மூன்று மாதத்தில் ஒன்பது விசில் மாற்றினார்.

புகார் டெப்போ மேனேஜர் வரைக்கும் போயிற்று. டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்வாசலிலிருந்து முன்வாசலுக்கு வருவதற்குள் நாலு இடத்தில் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குகிறார் என்பதும் அதில் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதம் பார்ப்பேன், சரிப்படாவிட்டால் டெப்போ வாசலில் மேசை வேலைக்குப் போங்கள் என்றார் மேனேஜர். கண்டக்டருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. இருபத்தேழு வருஷமாக ஓடும் பஸ்ஸில் ஊர் வம்பு பேசிய வாய், ஒரு மேசையோடு என்ன பேசும்?

அதே வாரம் ஒரு டாக்டரம்மா, குழாய் வைத்த கருவியோடு டெப்போவுக்கு வந்து எல்லோரையும் ஊதச் சொன்னார். ஊதுவது நம் தொழிலாச்சே என்று கண்டக்டர் முதல் ஆளாகப் போய் நின்றார். கருவி அவர் நுரையீரலுக்கு எழுபத்தைந்து வயது என்றது. பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று அவர் வாதாட, டாக்டரம்மா குறுக்கு விசாரணையில் இறங்கினார். பிள்ளைப் பருவத்தில் விறகடுப்பை ஒட்டியே படுக்கை. இப்போது ஒற்றை அறை வீடு. ஜன்னலை அடைத்துவிட்டுக் கொசுவத்தி. கீழ்த்தளத்தில் பஞ்சு மெத்தைக் கடை. மிச்ச நேரமெல்லாம் நெரிசல் சாலையில், பஸ்ஸின் பின்படியில்.

"நீங்க புகை பிடிக்கலை. ஊர்ப் புகையெல்லாம் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றார்.

நாள்பட்ட நுரையீரல் நோய். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். ஊதிய நாற்பது பேரில் ஒன்பது பேருக்கு அதே கதை. வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இருமியவர்கள்தான் அத்தனை பேரும். ஒன்பதாவது ஆள் மேனேஜர். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டெப்போ முழுக்கத் தெரியும்.

இன்ஹேலரை எப்படி உபயோகிப்பது என்று டாக்டரம்மா செய்து காட்டியபோது, நம்மவர் பக்கத்து ஆளிடம் ரயிலை நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் ஆயிற்று. மூச்சு பழையபடிதான். ஒருநாள் காலை, அக்கா வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்த டிரைவர்தான் கண்டுபிடித்தார். கண்டக்டர் இன்ஹேலரை வாயில் வைத்து, கன்னம் புடைக்க, வெளியே ஊதினார். மருந்து முழுக்க டிரைவர் மூஞ்சியில்.

"மாமா, ஒரு மாசமா யாருக்கு வைத்தியம் பாக்குறீங்க? அதை உள்ள இழுக்கணும்."

"வாயில எதை வச்சாலும் ஊதிடுதே மாப்ளே."

"நான் சொல்றதைத்தான் உள்ள வாங்க மாட்டார்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. "மருந்தையுமா?"

மறுநாள் முதல் அவள் எதிரே நின்று, இழுக்க வைத்து, பத்து எண்ணும் வரை வாயைத் திறக்க விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதி இருந்ததில்லையாம். கொசுவத்தி போய் கொசுவலை வந்தது.

இரண்டாம் மாதக் கடைசியில், மூச்சுவிட இடமில்லாத கூட்டத்தில் மேனேஜர் பஸ் ஏறினார். கண்டக்டர் பின்னாலிருந்து முன்னால் வரை டிக்கெட் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில் நின்றார்; அதையும் ஒரு ஜோக் சொல்லி மறைத்தார். பிறகு இரண்டு விசில். ரயில் நிற்கிற அளவுக்கு இல்லை. பஸ் கிளம்புகிற அளவுக்கு இருந்தது.

"சரி, பஸ்லயே இருங்க" என்றார் மேனேஜர்.

"அந்த மேசைக்கு யாரை அனுப்புவீங்க சார்? காலையில முப்பது வண்டி அரைமணி நேரம் சும்மா நின்னு உறுமுற இடம் அது. நிக்கிற வண்டிக்கு இன்ஜின் எதுக்கு?"

மேனேஜர் இருமினார்.

மறுநாள் காலை, கிளம்பும் நேரம் வரை ஒரு வண்டியிலும் இன்ஜின் ஓடவில்லை. டெப்போ இருந்த அமைதியில், மூன்றாவது வரிசையில் ஒரு டிரைவர் விட்ட கொட்டாவி வாசல்வரை கேட்டது.