காற்றாலையும் இடக்கையும்

எண்பதுகளின் கடைசியில் ஆங்கிலேயர் நாட்டில், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய பண்ணைக் காற்றாலைகளுக்கு உதிரிப்பாகம் விற்கிற இடம். வயல் நடுவே இரும்புக் கோபுரத்தின் உச்சியில் சுற்றித் தண்ணீர் இறைக்குமே, அந்தக் காற்றாலை. அவற்றைச் செய்தவர்களில் பலர் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். பண்ணைக்காரர் படம் அனுப்புவார். நான் பழைய கட்டலொக்குகளைப் புரட்டி, தகடுகளை எண்ணி, வாலின் வடிவம் பார்த்து, இது இன்னார் செய்தது என்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஒரே சக்கரத்தை நாலு தரம் எண்ணுவேன்.

அந்த வாரம் வந்த படத்தில் வாலில் எழுதியிருந்த பெயர் துருவில் அழிந்திருந்தது. கட்டலொக்கில் இரண்டு கம்பெனிகளின் காற்றாலைகள் அச்சொட்டாக அதைப்போலவே இருந்தன. ஒரேயொரு வித்தியாசம். பெருங்காற்று அடித்தால் சக்கரம் முகத்தைத் திருப்பி வாலோடு மடங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று இடப்பக்கம் மடங்கும், மற்றது வலப்பக்கம். பண்ணைக்காரர் கேட்டிருந்ததும் அந்த மடக்குத் துண்டைத்தான். மாறிப் பூட்டினால் சக்கரம் மடங்காது. வெறிகொண்டு சுற்றி, பூட்டிய ஆளின் தலையிலேயே உடைந்து விழலாம்.

படத்தில் இடப்பக்கம் என்று தெளிவாகத் தெரிந்தது. கோபுரத்தின் அடியில் பண்ணைக்காரர் தன் குதிரைக்கு இடக்கையால் சீனிக்கட்டி கொடுத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயில்லாச் சீவன் என்றாலும் இடக்கையால் கொடுப்பதா? உடனே என்னையே அதட்டிக்கொண்டேன். வேலையிடத்தில் வெள்ளைக்காரர்கள் தேநீர்க் கோப்பையை இடக்கையால் நீட்டும்போதெல்லாம் முகம் சுளித்து, பட்டபாடு பட்டு இப்போதுதான் பழகியிருந்தேன். இவர்கள் அப்படித்தான். இடப்பக்கத் துண்டை அனுப்பும்படி எழுதிக் கொடுத்தேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை படத்தையும் அவருடைய கடிதத்தையும் கைப்பையில் போட்டு, பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

"உந்தப் படத்தை ஏன் காவிக்கொண்டு திரியிறீர்? சாமான் அனுப்பியாச்செல்லோ," என்றார் என் கணவர்.

"ஓம். அதுதான் பயமாக் கிடக்கு."

மறுநாள் காலை அவருடைய ஷிப்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பொத்தான் வரிசையில் கை நின்றது. ஆண்களின் சட்டையில் பொத்தான் வலப்பக்கம். பண்ணைக்காரருக்கு? ஓடிப்போய்ப் படத்தை எடுத்தேன். இடப்பக்கம். யாரோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் படம் கழுவியிருக்கிறார்கள், இடமும் வலமும் மாறிவிட்டது. மனிதர் வலக்கையால்தான் கொடுத்திருக்கிறார். காற்றாலையும் வலப்பக்கத்தது. இடக்கை பிழை என்று என் கண் சரியாகச் சொன்னதை நானே நாகரிகம் பார்த்து அடக்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஏறிப் பூட்டுவேன் என்று பண்ணைக்காரர் எழுதியிருந்தார். அன்றுதான் சனிக்கிழமை. கடிதத்தின் தலைப்பில் தொலைபேசி எண் இருந்தது. வேலை போய்விடுமே என்று ஒரு கணம் தயங்கினேன். அதை இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. பிறகு இரண்டு தரம் பிழையான எண்ணை அடித்தேன்.

மூன்றாம் தரம் அவர் மனைவி எடுத்தார். "அவர் கோபுரத்தின் மேலே நிற்கிறார்," என்றார்.

"இறங்கச் சொல்லுங்கள். நான் பிழையான துண்டை அனுப்பிவிட்டேன்."

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு அவர் ஓடுவது கேட்டது. பிறகு அங்கே ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. முருகா, முருகா என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை.

கடைசியில் மூச்சு வாங்க ஓர் ஆண் குரல் வந்தது. "பூட்டி முடித்துவிட்டேன். சக்கரத்தைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தேன், இவள் கத்தினாள்." நன்றி என்றும் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டுப் படியில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதேன்.

கணவர் மேலேயிருந்து ஓடிவந்தார். ஊரில் போர் நடந்த அந்த வருடங்களில் எங்கள் வீடுகளில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்து ஒருவர் அழுதால் அதற்கு ஒரே காரணம்தான். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆரப்பா?" என்றார். "ஊரிலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன். "ஒருத்தரும் சாகேல்லை."